ஐந்தரைக்கு விழும் கூடு

ஜூன் 3, செவ்வாய்

மாவுக்கட்டு நேற்றுப் பிரித்தாயிற்று. உள்ளே இருந்து வந்த கை மெலிந்து, வெளுத்து, தோல் உரிந்து கிடந்தது. "இது என் கை மாதிரியே இல்லம்மா" என்றாள் மிருதுளா. இடது முழங்கை மடங்கவும் மறுக்கிறது, முழுசாக நீளவும் மறுக்கிறது.

ஜூலை 7 அன்று மறுபடி வரச் சொல்லியிருக்கிறார் எலும்பு டாக்டர். அதற்குள் நூற்றுப்பத்து டிகிரி மடங்க வேண்டும். இப்போது எழுபது. மடங்காவிட்டால் மயக்கம் கொடுத்து அவர்களே மடக்கிப் பார்ப்பார்களாம். ஏழு வயதுக் குழந்தைக்கு மயக்க மருந்து என்பதைச் சீட்டு எழுதிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்.

ஏப்ரலில் படிக்கட்டில் விழுந்தாள். காலையில் ஸ்கூல் வேன் வந்து ஹாரன் அடித்த நேரம். நான் அடுப்படியில் இருந்தேன். கேட்கிற எல்லோரிடமும் இதைச் சொல்லிவிட்டேன். இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

பிசியோ ரெஹானா மேடம் ஒரு டேப்லெட் கொடுத்தனுப்பினார். "கையை மடக்கு, மடக்குன்னா எந்தக் குழந்தைங்க கேக்கும்? விளையாட்டுன்னா கேக்கும்" என்றார். டேப்லெட்டை ஸ்டூலில் நிற்க வைத்து எதிரே உட்கார வேண்டும். கேமரா முழங்கையைப் பார்க்கும். கையை மடக்கினால் திரையில் ஒரு சிட்டு மேலே ஏறும், நீட்டினால் இறங்கும். மேலே ஒரு வளையம் இருக்கிறது. அதைத் தாண்டினால் மதிப்பெண்.

"யாரும் பிடிச்சு அழுத்தவே கூடாதுங்க. அவளா மடக்கறது மட்டும்தான் கணக்கு" என்று இரண்டு தடவை சொன்னார். எதற்கு இரண்டு தடவை? நான் என்ன அழுத்துகிற ஆள் மாதிரியா இருக்கிறேன்?

ஜூன் 4, புதன்

கல்யாணத்துக்கு முன்னால் கோயம்புத்தூரில் இரண்டு வருஷம் சாஃப்ட்வேர் டெஸ்டராக இருந்தேன். பிழை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்கியவள். அந்தப் புத்தி இன்னும் போகவில்லை என்பது இன்று தெரிந்தது.

இந்த விளையாட்டைச் செய்தவர்களுக்குக் குழந்தை கிடையாது. அல்லது குழந்தையை வேறு யாரோ வளர்க்கிறார்கள்.

மூன்று தடவை வளையத்தைத் தாண்டாவிட்டால் சிட்டு விழுகிறது. பாதி விழும்போதே திரை கறுத்துவிடுகிறது. கறுப்பில் சிட்டின் முகம் மட்டும் பெரிதாக வந்து, கண்ணில் நீர் தளும்ப, நம்மையே பார்க்கிறது. யாருக்கு வந்த யோசனை இது? கை வலிக்கிற பிள்ளையிடம், "உன்னால்தான் இந்தப் பறவை அழுகிறது" என்று சொல்ல ஒருத்தர் உட்கார்ந்து படம் வரைந்திருக்கிறார்.

அப்புறம் பொத்தான்கள். 'போதும்' சாம்பல் நிறத்தில் மூலையில், எறும்பு அளவு. 'மறுபடியும்' பச்சையில், நடுவில், துடித்துக்கொண்டே இருக்கிறது. மிருதுளா போதும் என்று தொடப்போய் மறுபடியும் என்பதைத்தான் தொடுகிறாள்.

இவரிடம் சொன்னேன். வேலை முடிந்து திருப்பூர் ரயிலில் நின்றே வந்த களைப்பு. "படம் வரையறவன் ஏதோ வரைஞ்சிருப்பான். அதப் போயி எச்சா யோசிக்கற புள்ள" என்றார்.

யூனிஃபார்ம் இஸ்திரி போடவில்லை. காலையில் போட வேண்டும்.

ஜூன் 6, வெள்ளி

ஒரு நல்லதும் இருக்கிறது, எழுதாமல் விட்டால் பாவம். தினமும் ஆடினால் மரத்தில் கூட்டுக்கு ஒரு குச்சி சேர்கிறது. இன்று மூன்றாவது குச்சி விழுந்ததும் ஒரு நீல முட்டை வந்தது. மிருதுளா அதற்கு 'சின்னத்தங்கம்' என்று பேர் வைத்துவிட்டாள். ஸ்கூலில் இருந்து வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் டேப்லெட்டைக் கேட்கிறாள்.

சாப்பாட்டுக்குத்தான் இப்படி ஓடி வரமாட்டேன் என்கிறாள். பத்திலிருந்து கீழே எண்ணினால்தான் வாய் திறக்கும்.

ஜூன் 9, திங்கள்

காலை ஆறு மணிக்கு வீடே அழுகை.

நேற்று பவானியில் ஒரு கல்யாணம். திரும்பி வரும்போதே தோளில் தூங்கிவிட்டாள், ஆடவில்லை. இன்று எழுந்ததும் திறந்து பார்த்தாள். கூடு தரையில். முட்டை உடைந்து, மஞ்சள் கரு வழிந்து. வழிகிற கருவையும் ஒருத்தர் வரைந்திருக்கிறார்! "காலை 5.30: நீங்கள் வராததால் கூடு விழுந்தது" என்று கீழே ஒரு வரி.

"நான் தூங்கிட்டேம்மா. தூங்குனா செத்துப் போயிருமா?" என்று கேட்டாள். அது வெறும் படம் சாமி, நிஜ முட்டை இல்லை என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

இட்லி கல்லாகிவிட்டது. வேன் போய்விட்டது. நானே ஸ்கூட்டியில் கொண்டு விட்டேன்.

அந்த ஐந்தரை ஏன் என்று மட்டும் மதியம் யோசித்தேன். வேறு தேசத்துக் கணக்குப்படி அங்கே நள்ளிரவில் நாள் மாறுகிறது. நமக்கு அது காலை ஐந்தரை. ஈரோட்டில் ஒரு பிள்ளை எப்போது தூங்கும், எப்போது எழும் என்று யோசிக்க அங்கே யாருக்கும் நேரமில்லை.

ஜூன் 12, வியாழன்

மூன்று நாளாகப் புதுக் கூடு. புது முட்டை. இதற்கும் சின்னத்தங்கம்தான் பேர்.

ஜூன் 14, சனி

நேற்று கை வலிக்கிறது என்று ஆடாமலே படுத்துவிட்டாள். இன்று காலை ஐந்து மணிக்குக் கார்ப்பரேஷன் தண்ணீர் வந்தது. குடங்களை நிரப்பிவிட்டுப் பார்த்தால் மணி ஐந்து இருபது. டேப்லெட் ஸ்டூலில் இருந்தது.

கேமராவுக்கு ஒரு முழங்கை வேண்டும், அவ்வளவுதான். யாருடைய முழங்கை என்று கேட்பதில்லை. டெஸ்டிங்கில் இது முதல் நாளே பிடிபட்டிருக்க வேண்டிய பிழை.

ஈரக் கையோடு உட்கார்ந்து இருபது தடவை மடக்கினேன். ஒரு தடவைகூடச் சிட்டு விழவில்லை. குச்சி சேர்ந்தது. கூடு நின்றது. ஒரு பெண் குரல், நல்ல குரல், "அருமை! நீங்கள் பிரமாதமாகச் செய்கிறீர்கள்!" என்றது.

காலையில் மிருதுளா கூட்டைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. நிம்மதியாகப் பல் தேய்த்தாள். ஒரு குழந்தையின் அழுகையை நிறுத்தியது தப்பாக இருக்க முடியாது.

ஜூன் 16, திங்கள்

நேற்று அவள் ஆடினாள், ஆனால் பத்துத் தடவைதான். இருபது ஆடினால்தான் குச்சி. மீதிப் பத்தைக் காலையில் நான் முடித்தேன். அரைகுறையாக விட்டால் எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது.

துவைத்தது காயவில்லை.

ஜூன் 18, புதன்

இன்று தண்ணீர் வரும் நாள் இல்லை. ஐந்து மணிக்கே விழிப்பு வந்துவிட்டது.

ஜூன் 19, வியாழன்

வளையம் மேலே போய்விட்டது! மூன்று நாள் சேர்ந்தாற்போல் நன்றாக ஆடினால் தானாகவே ஏறிக்கொள்ளுமாம். முதலில் எழுபத்தைந்தில் இருந்தது, திங்களன்று எண்பத்தைந்து, இன்று தொண்ணூற்றைந்து. மேலே ஏற்றத் தெரிந்தவர்களுக்குக் கீழே இறக்க ஒரு வழி வைக்கத் தோன்றவில்லை. திரை முழுக்கத் தேடினேன். இறக்குகிற பொத்தான் இல்லவே இல்லை.

அது போதாதென்று, வளையம் உயர்ந்ததும் ஒரு சிவப்புக் கோடு புதிதாக வந்திருக்கிறது. நேரம் குறையக் குறையக் கோடு சுருங்கும், கடைசியில் ஐந்து, நான்கு, மூன்று என்று குரல் எண்ணும். மிருதுளா இரண்டு கையாலும் காதைப் பொத்தினாள். இடது கை காதுவரை போகவில்லை, கன்னத்திலேயே நின்றுவிட்டது.

"எண்ண வேண்டாம்னு சொல்லும்மா."

"அதுகிட்ட எப்படிச் சொல்றது சாமி? அது மெஷின்."

"மூணுலதான் நான் விழுந்தேன்."

சிட்டைச் சொல்கிறாளா, எதைச் சொல்கிறாள் என்று நான் கேட்கவில்லை. அடுப்பில் குழம்பு இருந்தது.

இந்த எண்ணுகிற வேலையை யார் கண்டுபிடித்தார்களோ, அவர்கள் வீடு விளங்காமல் போகட்டும்.

ஜூன் 21, சனி

ரெஹானா மேடம் போன் செய்தார். சனிக்கிழமைதோறும் விளையாட்டே அவருக்கு ரிப்போர்ட் அனுப்புகிறதாம். எனக்கு அது தெரியாது. சொல்லியிருப்பார், நான் கவனித்திருக்க மாட்டேன்.

"வினோதினி, என்னங்க இது, மேஜிக் பண்றீங்களா? நூத்து நாப்பத்தஞ்சு வரைக்கும் போயிருக்கு! ரெண்டு வாரத்துல நான் இப்படிப் பாத்ததே இல்ல. வீட்ல என்ன பண்றீங்க?"

"ஒண்ணும் இல்லீங்க மேடம். காலைல கொஞ்ச நேரம்..."

"காலைல பண்றது ரொம்ப நல்லதுங்க. அப்படியே விடாம பண்ணுங்க. அடுத்த வாரம் நேர்ல பாக்கலாம்."

அப்போதே சொல்லியிருக்கலாம். போன் ஸ்பீக்கரில் இருந்தது, இவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். மனுஷருக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே போய் அரைக் கிலோ ஜாங்கிரி வாங்கி வந்தார். "எம் பொண்டாட்டி ஒத்த ஆளா நின்னு பண்ணிருக்கா" என்று தன் அக்காவிடம் போனில் பெருமை வேறு.

கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் இவர் என்னைப் பற்றி அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. என் பங்கு ஜாங்கிரியை டப்பாவிலேயே போட்டு மூடினேன்.

ஜூன் 22, ஞாயிறு

இன்று அவளே இருபதும் ஆட முயன்றாள். வளையம் நூற்றைந்தில் நிற்கிறது. எட்டாவதில் சிட்டு அழுதது.

நாளைக் காலை நான் ஆடமாட்டேன்.

ஜூன் 23, திங்கள்

ஆடினேன்.

ஜூன் 26, வியாழன்

மாலையில் மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தால், சிட்டு வளையத்தைத் தாண்டித் தாண்டிப் போகிறது. ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷம். அப்புறம்தான் கவனித்தேன். தோளைக் காதுவரை தூக்கி, உடம்பையே ஒரு பக்கம் சாய்த்து, வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடித்து மடக்கி அழுத்துகிறாள். உதட்டைக் கடித்திருந்தாள். கண்ணீர் அது பாட்டுக்கு வழிகிறது.

"அருமை! நீங்கள் பிரமாதமாகச் செய்கிறீர்கள்!" என்றது அந்தக் குரல்.

டேப்லெட்டைக் கவிழ்த்துப் போட்டேன். முழங்கை வீங்கிச் சூடாக இருந்தது. இவருக்குப் போன் செய்தால் எடுக்கவில்லை, ரயிலில் இருந்திருப்பார். துணியில் ஐஸ் சுற்றி வைத்தேன்.

"ஏன் சாமி அழுத்துன? மேடம் என்ன சொன்னாங்க?"

"வளையம் மேல இருக்குல்ல. அம்மாவுக்கு எல்லாம் எட்டுது."

கிரைண்டரில் மாவு பொங்கி வழிந்துவிட்டது. அதைத் துடைத்தேன். எவ்வளவு நேரம் துடைத்தேன் என்று தெரியவில்லை.

ஜூன் 27, வெள்ளி

ஸ்கூலுக்கு அனுப்பவில்லை. அவளை அழைத்துக்கொண்டு ரெஹானா மேடத்திடம் போனேன். வீக்கம் பயப்படும்படி இல்லை, மூன்று நாள் ஓய்வு கொடுங்கள் என்றார். கோணமானியை வைத்து அளந்தார். எண்பத்தாறு.

"மெஷின்ல நூத்து நாப்பத்தஞ்சு காட்டுதே?" என்று டேப்லெட்டைத் தட்டித் தட்டிப் பார்த்தார். அதன் மேல் சந்தேகப்படுகிறாரே தவிர என் மேல் படவில்லை. அதுதான் தாங்கவில்லை. மிருதுளாவை வெளியே மீன்தொட்டி பார்க்க அனுப்பிவிட்டுச் சொன்னேன்.

"அது என் கைங்க மேடம்."

"எதுங்க?"

"நூத்து நாப்பத்தஞ்சு. காலைல நான்தான் ஆடுனேன். கூடு விழுந்தா அவ அழறா. அதுக்காகத்தான். முதல்ல அதுக்காகத்தான்."

அவர் கோணமானியை மடக்கி மேசை மேல் வைத்தார். அப்புறம், "உங்க முழங்கை நல்லாருக்குங்க. கவலையே பட வேண்டாம்" என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டும் வந்தது. அவர் சிரிக்கவில்லை.

"நான் கோவமாத்தாங்க இருக்கேன். அந்த ரிப்போர்ட்ட எலும்பு டாக்டருக்கு அனுப்பிட்டேன். குழந்தைக்கு வளையம் ஏறிட்டே போயிருக்கு, நானும் சந்தோஷமா பாத்துட்டே இருந்திருக்கேன். இன்னும் ரெண்டு வாரம் அவ அழுத்தியிருந்தாள்னா என்ன ஆயிருக்கும் தெரியுங்களா?"

தெரியும் என்றேன். தெரியாது, ஆனால் தெரியும் என்றேன்.

பிறகு தன் கடவுச்சொல்லைப் போட்டு, எனக்குத் தெரியாத ஒரு பக்கத்தைத் திறந்தார். உள்ளே வரிசையாகப் பொத்தான்கள். நேரக் கோடு. எண்ணும் குரல். பாராட்டும் குரல். அழும் முகம். மதிப்பெண். கூட்டில் குச்சி சேர்வது, கூடு விழுவது. வளையம் தானாக ஏறுவது. மூன்று தடவைக் கணக்கு. எல்லாமே பச்சையாக எரிந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றையும் அணைக்கலாமாம். என்னால் முடியாது, அவரால் முடியும்.

"இது இருக்கறது உங்களுக்குத் தெரியுமா மேடம்?"

"தெரியுங்க." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கம்பெனிலிருந்து எப்படி வந்துச்சோ அப்படியே குடுத்துட்டேன். பதினாலு குழந்தைங்களுக்குக் குடுத்திருக்கேன். ஒண்ணையும் தொடல."

என் எரிச்சல் முழுவதையும் அவர் மேல் கொட்ட அருமையான இடம் அது. ஆனால் நான் நின்றுகொண்டிருந்த இடம் சரியில்லை.

எல்லாவற்றையும் அணைத்தார். வளையத்தை எண்பதில் வைத்தார். "ஒண்ணு பாக்கி. என் கையில உண்மையான கணக்கு வேணும்னா பழசெல்லாம் அழிக்கோணும். கூடும் போயிரும். இத நான் பண்ண மாட்டேங்க. அவகிட்டச் சொல்லிட்டு நீங்க பண்ணுங்க."

ஜூன் 28, சனி

இவரிடம் சொன்னேன். ஜாங்கிரி டப்பாவை எடுத்து உள்ளே வைத்தார், வெளியே எடுத்தார், திரும்ப வைத்தார். "அக்காகிட்ட வேற சொல்லிட்டனே" என்றார். பிறகு, "ஏம்புள்ள, எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன?" என்றார்.

எப்போது சொல்வது? ரயிலில் வரும்போதா, ரயிலுக்குப் போகும்போதா? இதைக் கேட்கவில்லை, இங்கே எழுதுகிறேன்.

ஜூன் 29, ஞாயிறு

காலையில் மிருதுளாவைக் கட்டிலில் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னேன். பத்துப் பன்னிரண்டு நாளாக நீ ஆடாதபோது அம்மா ஆடினேன், அந்தக் குச்சிகள் பாதி அம்மாவுடையது, அது தப்பு, இப்போது எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும், சின்னத்தங்கமும் போய்விடும். மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன்.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"நீ ஆடறது. நான் கதவுக்கிட்ட நின்னு பாத்தேன். நெறைய நாளு."

"அப்புறம் ஏன் சாமி சொல்லல?"

கட்டில் விரிப்பில் ஒரு நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள். "நீ காலைல ஆடுனா அன்னிக்கு எண்ண மாட்டம்மா. சாப்பிடறதுக்கு, ஷூ போடறதுக்கு. எதுக்குமே எண்ண மாட்ட."

அரிசி ஊற வைக்கப் போனேன். அளந்து போட்டேனா, இரண்டு தடவை போட்டேனா என்று நினைவில்லை.

திரும்பி வந்து சொன்னேன். விழுந்த அன்று நான் அடுப்படியில் இருந்தேன், ஆனால் அங்கிருந்தே எண்ணிக்கொண்டிருந்தேன், சத்தமாக. இதை அவளிடம் சொன்னேன். இங்கே இப்போதுதான் எழுதுகிறேன்.

"மூணு சொன்னப்ப ஓடுனேன்" என்றாள், என்னமோ எனக்கு நினைவுபடுத்துவது போல.

'அழிக்கவா?' என்று திரை கேட்டது. 'வேண்டாம்' பெரிதாகப் பச்சையில், 'ஆம்' சாம்பலில் சிறிதாக. அவளே தேடிப் பிடித்து அழுத்தினாள். கூடு இருந்த இடத்தில் வெறும் கிளை.

ஜூலை 1, செவ்வாய்

ஓய்வு முடிந்து இன்று ஆடினாள். நானும் பார்த்தேன். நேரம் இல்லை, குரல் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. ஒரு சிட்டு, வானம், ஒரு வளையம்.

ஐந்து நிமிஷம்தான். "இதுல தோக்கவே முடியாதாம்மா?"

"முடியாது."

"அப்ப எதுக்கு ஆடறது?"

எல்லாவற்றையும் பிடுங்கிப்போட்டால் மிச்சம் இருப்பது மறுபடி வெறும் உடற்பயிற்சிதான். செய்தவர்கள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. இன்று அதுதான் பெரிய எரிச்சல்.

ஜூலை 2, புதன்

அடுப்படியில் இருந்தபோது கூடத்தில் ஒரு கத்தல். குழம்புக் கரண்டியோடு ஓடினேன்.

"ம்மா! கீழ எருமை இருக்கு!"

மூன்று தடவைக் கணக்கு இல்லாததால் இப்போது திரை கறுப்பதில்லை. சிட்டு கீழே, கீழே, அடிவரை விழுகிறது. இத்தனை நாள் யாரும் பார்க்காத அடி; நானும் அவசரத்தில் பாதிதான் நீட்டியிருக்கிறேன். அங்கே ஒரு குட்டை. குட்டையில் ஒரு எருமை, மூக்கும் கொம்பும் மட்டும் வெளியே. சிட்டு அதன் முதுகில் போய் உட்கார்ந்தால் எருமை ஒரு காதை மட்டும் ஆட்டி, புஸ் என்று மூச்சு விடுகிறது. யாரோ ஒருத்தர் மேலதிகாரிக்குத் தெரியாமல் வரைந்து வைத்த மாதிரி இருந்தது.

ஆனால் ஒன்று, சிட்டு எருமை வரை போக வேண்டுமென்றால் கையை முழுசாக நீட்ட வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீருக்கு மேலேயே பறந்துகொண்டிருக்கும்.

"இன்னொரு தடவை புஸ் சொல்ல வெக்கறேன், பாரு." நீட்டினாள். வரவில்லை. மடக்கி மேலே போய்த் திரும்ப விழுந்தாள். கொஞ்சம் பத்தவில்லை. மறுபடி மேலே போனாள். எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. குழம்பு அடிப்பிடித்துவிட்டது. இவரும் வந்து அதையே சாப்பிட்டுவிட்டு எருமையைப் பார்க்க உட்கார்ந்தார்.

ஜூலை 5, சனி

எருமைக்குப் பேர் வைத்தாயிற்று. வெளியே சொல்லக் கூடாதாம். ரெஹானா மேடம் மற்றப் பதின்மூன்று டேப்லெட்டுகளையும் திரும்ப வாங்கிக்கொண்டிருக்கிறார் என்று கேள்வி.

ஜூலை 7, திங்கள்

டாக்டர் அறை. ரெஹானா மேடமும் வந்திருந்தார். பழைய ரிப்போர்ட் தவறு என்று எழுதி அனுப்பியிருந்தார். என் பேரைச் சொல்லவில்லை. நானே சொன்னேன். டாக்டர் முதல் தடவையாகத் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

மடக்கச் சொன்னார். நான் அவர் மேசை மேல் இருந்த பேனாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நூற்று ஒன்று. ஒன்பது குறைவு.

நீட்டச் சொன்னார். நீட்டினாள். அளந்தார். அளந்ததைத் திரும்ப அளந்தார். போன மாதம் இருபத்தைந்து டிகிரி நீளாமல் நின்ற கை, குச்சி மாதிரி நேராக நின்றது.

"நீட்டறதுதான் கடைசில வரும். இது எப்படி முன்னாடியே வந்துச்சு?" என்று ரெஹானா மேடத்தைக் கேட்டார். மேடம் என்னைப் பார்த்தார். நான் மிருதுளாவைப் பார்த்தேன். அந்தப் பேரைச் சொல்லக் கூடாது என்று அவள் கண்ணாலேயே மிரட்டினாள்.

"எருமைங்க டாக்டர்" என்றேன்.

பேனாவை மூடினார். "மயக்கமெல்லாம் வேண்டாம். கை தானாவே வந்துட்டிருக்கு, நம்ம யாரும் அவசரப்படுத்த வேண்டாம். ஒரு மாசம் கழிச்சு வாங்க" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "எந்த எருமை?" என்று கேட்டார்.